இருபத்திரண்டு ஃபோம் பேடும் ஒரு குங்குமச் சிமிழும்

ஆயுத பூஜை அன்றைக்கு என் கையால் இருபத்திரண்டு பொட்டு வைத்தேன். இருபத்திரண்டும் தப்பு.

பொட்டு வைப்பதில் என்னம்மா தப்பு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த ஐம்பத்தெட்டு வயதுக்குள் நான் பொட்டு வைக்காத சாமான் கிடையாது. அரிவாள்மணை, மிக்ஸி, கிரைண்டர், வீட்டுக்காரரின் ஸ்கூட்டர்... ஒரு வருடம் அவருடைய ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினுக்குக் கூட வைத்தேன். எதுவும் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை.

இந்த வருடம் கேட்டது.

பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். சுத்தம்! ஸ்விட்ச் போர்டில் விரல் அடையாளம் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் உட்காருவதற்கு முன் அவர்கள் சிங்க்கைத்தான் பார்ப்பேன். மிக்ஸி ஜாடியின் அடிப்பாகத்தைக் கழுவுவது பற்றி நான் எழுதியதற்கு நீங்கள் போட்ட கடிதங்கள் இன்னும் பீரோவில் இருக்கின்றன. (பாதி பேர் பாராட்டியிருந்தீர்கள். மீதி பேர் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள்.)

அந்த வியாதியோடுதான் சித்தூரில் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். தங்கை குமுதா வீட்டில் ஆயுத பூஜை.

குமுதாவின் வீட்டுக்காரர் தயாளன் கார் டீடெய்லிங் கடை வைத்திருக்கிறார். ரேணிகுண்டா ரோடு பக்கம். கீழே கடை, மேலே வீடு. டீடெய்லிங் என்றால் என்ன என்று மூன்று வருடம் முன்பு எனக்கும் தெரியாது. காரைக் கழுவுகிற கடை என்று ஒரு முறை சொல்லிவிட்டேன். மனிதர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கழுவுவது வேறு, இது வேறு. கார் பெயிண்ட்டின் மேல் மயிரிழை மாதிரி நுணுக்கமான கீறல்கள் விழுந்து பளபளப்பு போய்விடும். அதை ஒரு மெஷினால் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். மெஷின் முனையில் வட்டமாக ஒரு ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். அதற்குப் பேர் ஃபோம் பேட். அதில் காம்பவுண்டு என்று ஒரு பேஸ்ட்டைத் தடவி, காரின் மேல் வைத்துச் சுற்ற விட்டால், பழைய வண்டி கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கிற வண்டி மாதிரி ஆகிவிடும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு ஒரு கார் வந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். டாக்டர் கார்தான் வரும். இன்றைக்கு? பங்காருபாளையத்தில் மாம்பழ மண்டிக்கு முன்னால் லாரியை விட காருக்குத்தான் இடம் கிடைப்பதில்லை. கார் வந்துவிட்டது. ஆனால் அதை எதனால் துடைக்கிறோம்? கிழிந்த பனியனால்! தயாளன் இதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையான வேதனை இருக்கும்.

அவர் இதைக் கற்றுக்கொண்டது குவைத்தில். பதினாறு வருடம். பலமனேர் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவருடைய நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சொந்தமாக ஒரு துண்டு நிலம் கூடக் கிடையாது, கூலி வேலை. இவர் ஏஜெண்டைப் பிடித்து விமானம் ஏறினார். பலமனேரில் இன்றைக்கு இருக்கிற ஒன்றரை ஏக்கரும், இந்தக் கடையும் அந்தப் பதினாறு வருடம்தான்.

அதாவது, அவருக்குப் பதினாறு வருடம். என் தங்கைக்கு? இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள்.

அந்த நாற்பது நாளில் முதல் பத்து நாள் சொந்தக்காரர்கள். கடைசிப் பத்து நாள் ஊருக்குப் போகிற அழுகை. நடுவில் இருபது நாள்தான் குடித்தனம். குமுதா இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். அவள் டீ போட்டால் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, நான் சந்தோஷத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் கழுவினேன்.

சரி, பூஜைக்கு வருகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது குமுதா அடுப்படியில் கொண்டைக்கடலைச் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். முகம் சரியில்லை. சிங்க் கூட சரியில்லை. ஆனாலும் நான் முகத்தைத்தான் முதலில் கவனித்தேன். என்னைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

"என்னாச்சு?"

"இவரு மறுபடியும் போறேன்னு சொல்லிக்கினு கீறாருக்கா."

"எங்கே?"

"எங்க... குவைத்துக்குத்தான். அந்த ஏஜெண்டு ரெண்டு தபா வந்துட்டான். பழைய கம்பெனிக்காரங்களே கூப்பிடறாங்களாம். விஜயதசமிக்குள்ள பாஸ்போர்ட்டு குடுத்துடணுமாம்."

"கடை?"

"வராங்க, போறாங்க. கழுவினா போதும், பாலிஷ் எதுக்குன்னு கேக்கறாங்க. நாளைக்கு ஒரு டிராவல்ஸ் ஓனரு அவரு சொந்த வண்டிய வுடறாரு. அது புடிச்சிருந்தா அவருகிட்ட கீற எட்டு வண்டியும் மாசா மாசம் இங்கதான் வருமாம். இல்லன்னா போயிடறேன்றாரு."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னா சொல்றது? சுண்டல் துன்னு நீ."

தட்டில் போட்டுக் கொடுத்தாள். எனக்கு இறங்கவில்லை. பதினாறு வருடமும் அவள் இதே பதிலைத்தான் சொன்னாள் — நான் என்ன சொல்றது!

மத்தியானம் தயாளன் ஒரு வண்டியை ஒப்படைக்கச் சித்தூருக்குப் போனார். குமுதா பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்கப் புறப்பட்டாள். போகும்போது படியில் நின்று சொன்னாள்.

"கடைய நீ பாத்துக்கோக்கா. மெஷினுக்குப் பொட்டு வெச்சா போதும். அந்த டப்பாங்கள மட்டும் தொறக்காதே."

திறக்காதே என்று சொன்னால் நான் திறக்காமல் இருப்பேனா? என் தங்கை என்னை ஐம்பது வருடமாகப் பார்க்கிறாள். அவள் அதைச் சொல்லாமலே போயிருக்கலாம்.

ஸ்வீட் கடையில் லட்டு வைப்பார்களே, அந்த மாதிரி மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். வரிசையாக அடுக்கி, மேலே மார்க்கரில் எழுதி ஒட்டியிருந்தார். உள்ளே ஃபோம் பேடுகள். மஞ்சள், ஆரஞ்சு, கருப்பு. பன் ரொட்டியைப் பாதியாக அறுத்த மாதிரி வட்ட வட்டமாக. மொத்தம் இருபத்திரண்டு. அதில் நாலு கவரே பிரிக்காத புதுசு.

எனக்கு ஒரு யோசனை ஓடியது. மெஷின் சும்மா சுற்றுகிறது. காரைத் தொடுவது யார்? வேலை செய்வது யார்? இந்த பேடுதானே! சோறு போடுகிற சாமானை டப்பாவுக்குள் அடைத்து வைத்துவிட்டு, கரண்ட்டில் ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைத்தால் சரஸ்வதி என்ன நினைப்பாள்? அதுவும் நாளைக்கு அவ்வளவு முக்கியமான நாள்!

சந்தனப் பொடியைக் கெட்டியாகக் குழைத்தேன். பேப்பர் விரித்து இருபத்திரண்டையும் முகம் மேலே பார்க்க அடுக்கினேன். ஒவ்வொன்றின் நட்ட நடுவிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். வஞ்சனையே இல்லாமல், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு. புது நாலையும் கவரைப் பிரித்து வைத்தேன். பாரபட்சம் கூடாதே. (மெஷினுக்கும் கம்ப்ரஸருக்கும் வைத்த பொட்டு இந்தக் கணக்கில் இல்லை.)

வைத்து முடித்து, ஒரு நிமிடம் நின்று அழகு பார்த்தேன். பிறகு சுத்தமாக டப்பாவில் அடுக்கி மூடிவிட்டேன். தூசி படக்கூடாது, பாருங்கள்.

சாயங்காலம் தயாளன் வந்தார். மெஷினுக்கும் கம்ப்ரஸருக்கும் பொட்டு இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். சூடம் காட்டினோம். பூசணிக்காய் உடைத்தோம். பூஜை முடிந்தால் அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது அல்லவா? அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக்காட்டக் கூடாது என்ற பெருந்தன்மை!

மறுநாள் விஜயதசமி. காலை ஆறு மணிக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு தயாளன் கடையைத் திறந்தார். நான் காபி டம்ளரோடு பின்னாலேயே போனேன்.

டப்பாவைத் திறந்தார். பார்த்தார். மூடினார். அடுத்த டப்பாவைத் திறந்தார். மூடினார். கடைசி டப்பா வரைக்கும் அப்படித்தான்.

"நான்தான் தம்பி வெச்சேன்," என்றேன், பெருமையாக.

அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

கடையின் மூலையில் ஒரு பழைய கார் பானட்டை ஸ்டாண்டில் மாட்டி வைத்திருக்கிறார். கருப்பு பெயிண்ட். எந்த பேடாக இருந்தாலும் கஸ்டமர் வண்டியில் வைப்பதற்கு முன் அந்த பானட்டில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு பேடை எடுத்தார். சந்தனத்தைத் தட்டி உதிர்த்தார். மேலே இருந்தது உதிர்ந்தது. மெஷினில் ஒட்டி, பானட்டில் வைத்து ஸ்விட்சைத் தட்டினார்.

குங்குமம் வட்டமாகப் பறந்தது. சுவரில், அவர் சட்டையில், என் காபியில்.

மெஷினை நிறுத்திவிட்டு, பானட்டின் மேல் டார்ச் அடித்தார். "இங்க வந்து பாருங்கக்கா."

பார்த்தேன். கருப்பு பெயிண்ட்டில் சன்னமாக, வளையம் வளையமாகக் கீறல். அரை நிமிடத்தில் விழுந்தது.

"சந்தனம்னு விக்கிறாங்களே, பாதி மரத்தூள். காஞ்சா மணல் மாதிரி ஆயிடும். ஸ்பாஞ்சுக்குள்ள பூந்துக்கினு கீது. இது அந்த ஓனரு வண்டில வுழுந்திருந்தா?"

"அவர் வண்டி என்ன கலர்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ!

"கருப்பு."

கருப்பில் தலைமுடி விழுந்தால் கூட வெயிலில் தெரியும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். வேறு பேட் வாங்க முடியாதா என்றேன். பெங்களூரிலிருந்து வர வேண்டும். பண்டிகை லீவு. வண்டி வருவது பத்தரை மணிக்கு.

ஐந்து விரல் அகலத்துக்கு ஒரு ஸ்பாஞ்சு. அதில் ஒரு பொட்டு. அதனால் என் தங்கை மறுபடியும் ஒற்றை டம்ளரில் டீ குடிக்கப் போகிறாள்... இதுதான் என் மனசில் ஓடியது. வேறு எதுவும் ஓடவில்லை.

கழுவுவது என்றால் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் அல்லவா? உடனே ஒரு பேடை எடுத்துக் குழாயில் நனைத்தேன். சோப்பைப் போட்டேன். கசக்கினேன். போர்வையைப் பிழிகிற மாதிரி இரண்டு கையாலும் முறுக்கி...

"பிழியாதீங்கக்கா!"

பேடை மெஷினோடு ஒட்ட வைக்கிற பின்பக்கத்து வெல்க்ரோ பட்டை ஒரு கையில் வந்துவிட்டது. ஸ்பாஞ்சு இன்னொரு கையில். இருபத்திரண்டு இருபத்தொன்று ஆனது.

தயாளன் என் கையிலிருந்து இரண்டையும் வாங்கிக் கீழே வைத்தார். ஸ்டூலைக் காட்டினார். "உக்காருங்க. குமுதா! நீயும் வா கீழே."

மூன்று பேரும் உட்கார்ந்தோம். நடுவில் இரண்டு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீர்.

"தண்ணி படறதுக்கு முன்னாடி காத்து அடிக்கணும். நனைஞ்சா சந்தனம் உள்ள இறங்கிடும்."

கம்ப்ரஸர் குழாயைப் பிடித்து ஒவ்வொரு பேடாக ஊதினார். ஸ்பாஞ்சின் கண்களிலிருந்து மஞ்சள் புகை வந்தது. அதற்குப் பிறகு ஏதோ ஒரு திரவத்தைத் தண்ணீரில் கலந்து மேலே தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினார். தேய்க்கவில்லை, தள்ளினார். பிறகு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்கினார். விட்டார். அமுக்கினார். விட்டார். அழுக்குத் தண்ணீர் தானாக வெளியே வந்தது.

"குவைத்துல மொதல் ரெண்டு வருஷம் மெஷின தொடவே வுடல. பேட் கழுவுற வேலைதான். ஒரு நாளைக்கு நூறு பேட். குளிர் காலத்துல கை மரத்துப் போயிடும். நம்ப ஊருக்கு போன் பண்ணா, கார் கம்பெனில கீறேன்னு சொல்லுவேன்."

குமுதா நிமிர்ந்து பார்த்தாள். "எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"என்னான்னு சொல்றது? பஞ்சு கழுவிக்கினு கீறேன்னா?"

அவர் கையிலிருந்த பேடை வாங்கி அவளே அமுக்க ஆரம்பித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடம், இப்போதுதான் அவளுக்கு இது தெரிகிறது.

நான் வாயைத் திறக்காமல் வேலை செய்தேன். என்னால் அது முடியும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு விஷயம் மட்டும் பொறுக்க முடியவில்லை. எவ்வளவு அமுக்கினாலும் மஞ்சள் பேடுகளில் குங்குமச் சிவப்பு போகவில்லை. வட்டமாக ரோஸ் கலரில் நின்றது. நான் பிரஷ்ஷை அழுத்திப் பிடித்தேன்.

"வுடுங்கக்கா. கலரு போவலன்னா பரவால்ல."

"கறை இருக்கே தம்பி!"

"கறை கீறாது. மணல்தான் கீறும்."

எனக்கு யாரோ நடுமண்டையில் தட்டியது போல் இருந்தது. நாற்பது வருடமாக நான் எதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்? கண்ணுக்குத் தெரிகிற கறையை! தெரியாத துகளை என்றைக்காவது தேடியிருக்கிறேனா? என் தங்கை வீட்டுக்கு வந்தால் சிங்க்கைப் பார்க்கிறேன். அவள் தொண்டையில் பதினாறு வருடமாக உறுத்திக்கொண்டிருப்பதை எடுக்க ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருக்கிறேனா? டம்ளரைப் பார்த்தேன். பார்த்துவிட்டு டம்ளரைக் கழுவினேன். அவ்வளவுதான்.

அலசிய பேடை மெஷினில் மாட்டி, பக்கெட்டுக்குள் வைத்துச் சுற்றவிட்டார் தயாளன். தண்ணீர் எல்லாம் பக்கெட் சுவரில் சிதறி, பேட் முக்கால்வாசி காய்ந்துவிட்டது. பிறகு ஃபேனுக்கு அடியில், ஸ்பாஞ்சு பக்கம் கீழே பார்க்க வைத்தார். வெயில் கூடாதாம். நான் மொட்டை மாடிக்கு எடுத்துப் போக எழுந்தவள், அப்படியே உட்கார்ந்தேன்.

காய்ந்ததை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் ஒத்திப் பார்த்தார். மணல் ஒன்று இருந்தாலும் கன்னத்துக்குத் தெரிந்துவிடுமாம். முதல் பேட்... இல்லை, திரும்பக் கழுவு. இரண்டாவது... இல்லை. மூன்றாவதை வெகுநேரம் ஒத்திப் பார்த்துவிட்டு, குமுதாவின் கன்னத்தில் ஒத்தினார்.

"ஏதாச்சும் குத்துதா?"

"இல்ல," என்றாள் அவள். முகம் சிவந்துவிட்டது. நான் பக்கெட்டைப் பார்த்தேன்.

மணி எட்டரை இருக்கும். அப்போதுதான் போன் அடித்தது.

தயாளனின் போன், ஜன்னல் மேல் இருந்தது. அவர் இரண்டு கையிலும் முழங்கை வரை சோப்பு நுரை. எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஏஜெண்டு.

"குமுதா, எடுத்து ஸ்பீக்கர்ல போடு."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போடவில்லை. காதில் வைத்தாள்.

"அண்ணா, நான் அவரு வூட்டுக்காரம்மா பேசறேன்... ஆமாண்ணா... பாஸ்போர்ட்டு பீரோவுலதான் கீது. சாவி என் இடுப்புல கீது... இல்லண்ணா. குடுக்கறதா இல்ல... அவருக்குக் கையில வேல கீது. இனிமே இங்கதான் இருப்பாரு. நீங்க வேற ஆள பாத்துக்கோங்க... பண்டிகைக்கு வூட்டுல எல்லாரும் நல்லா கீறாங்களா? சரிண்ணா."

வைத்துவிட்டாள்.

வண்டி இன்னும் வரவே இல்லை. எட்டு வண்டியும் கிடைக்குமா, கிடைக்காதா, ஒன்றும் தெரியாது. கன்னத்தில் குத்தாத பேட் அதுவரைக்கும் ஒன்றுதான் தேறியிருந்தது. 'நான் என்னா சொல்றது' என்று பதினாறு வருடம் சொன்ன வாய், இப்போது இப்படிச் சொல்லிவிட்டதே!

தயாளன் கையிலிருந்த பேடையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை அமுக்கினார். விட்டார்.

"தண்ணிய மாத்து குமுதா," என்றார். "அழுக்காயிடுச்சு."

அவ்வளவுதான் பேச்சு. அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நுரையோடு. நான் அழுதேன். மறைக்கவெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதேன். அவ்வளவு நிம்மதி. முதுகில் ஏற்றியிருந்த மூட்டையை யாரோ பின்னாலிருந்து தூக்கி எடுத்த மாதிரி.

பத்தரை மணிக்குக் கருப்பு வண்டி வந்தது. அதற்குள் ஏழு பேட் தேறிவிட்டது. ஒரு காருக்கு அது போதும். டிராவல்ஸ் ஓனர் இறங்கியதும் முதலில் பார்த்தது, ஃபேனுக்கு அடியில் ரோஸ் கலர் வட்டத்தோடு படுத்திருந்த மற்ற பேடுகளைத்தான்.

"ஏன்ட்டி இதி, எர்ரகா உந்தி?" என்று ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். என்ன இது, சிவப்பாக இருக்கிறதே என்கிறார்.

"பண்டக கதா சார். பூஜ சேஸாமு," என்றார் தயாளன், கண்ணிமைக்காமல்.

பண்டிகை அல்லவா, பூஜை செய்தோம்! அதில் ஒரு எழுத்து கூடப் பொய் இல்லை. ஓனர் பேடைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பழையபடி வைத்தார். நான் திரும்பி நின்று சிரிப்பை அடக்கினேன்.

வேலை சாயங்காலம் வரை நடந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பேடை மாற்றினார். மாற்றியதை உடனே ஊதினார். நானும் குமுதாவும் கழுவி, அமுக்கி, காயவைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். ஒரு தடவை கூடப் பிழியவில்லை.

நாலரை மணி வெயிலில் வண்டியை வெளியே நிறுத்தினார். பானட்டில் டார்ச் அடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கண்ணை மட்டும் மெதுவாகத் திறந்தேன்.

வளையம் இல்லை. ஒரு கோடு கூட இல்லை. எதிர்ப்பக்கத்துக் கரண்ட் கம்பம் பானட்டுக்குள் தலைகீழாக நின்றது.

ஓனர் வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். குனிந்து பார்த்தார். மீசையைச் சரி செய்துகொண்டார்... வண்டிக் கண்ணாடியில் இல்லை, கதவில்! பிறகு சொன்னார்.

"ரேப்பு இன்கோ ரெண்டு பம்பிஸ்தானு."

நாளைக்கு இன்னும் இரண்டு அனுப்புகிறாராம். எட்டு இல்லை, இரண்டு. மற்றதைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தயாளன் தலையாட்டினார். காலையில் இதைக் கேட்டிருந்தால் அவர் முகம் என்னவாகியிருக்கும்? இப்போது ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் முடிவு எட்டரை மணிக்கே எடுக்கப்பட்டுவிட்டது, வேறு ஒருவரால்.

குமுதா டீ போட்டுக்கொண்டு வந்தாள். தட்டில் மூன்று டம்ளர். நான் எண்ணிப் பார்த்தேன். எதுவும் அலமாரிக்குத் திரும்பிப் போகவில்லை.

டம்ளரின் ஓரத்தில் லேசாகக் குங்குமம் ஒட்டியிருந்தது. நான் அப்படியே குடித்தேன்.

நாம் எல்லோருமே நல்ல எண்ணத்தோடுதான் பொட்டு வைக்கிறோம். மருமகளுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கிறோம், பக்கத்து வீட்டுப் பையனுக்கு எந்த காலேஜ் என்று முடிவு செய்கிறோம், கேட்காத இடத்திலெல்லாம் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு போய் நிற்கிறோம். அது காய்ந்தால் அடுத்தவருக்கு என்ன ஆகும் என்று கன்னத்தில் ஒத்திப் பார்ப்பதில்லை. இனி நான் பார்க்கலாம் என்றிருக்கிறேன். முயற்சிதான். உத்தரவாதம் இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், பெரிய மனசு. ஆனால் கடையில் எனக்கு வேலை கிடையாதாம். மேலே வீட்டில் ஒரே ஒரு சாமானுக்கு மட்டும் நான் பொட்டு வைத்தால் போதும் என்று குமுதா சொல்லிவிட்டாள்.

பாஸ்போர்ட் இருக்கிற பீரோவின் பூட்டுக்கு!